எட்டு டெசிபெல்

கலிபோர்னியா மாகாணத்தில், பசிபிக் கடலோரத்து மான்ட்டரே நகரத்துக்கு அண்மையில், உலர்ந்த குன்றுகளுக்கு நடுவே ஏறியும் இறங்கியும் வளைந்து செல்லும் லகூனா சேக்கா என்ற பந்தயப் பாதை ஒன்று உண்டு. 1957-ல் திறக்கப்பட்ட, சுமார் 3.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் தம் சொந்தக் காரை ஒரு நாளாவது மனம்போல ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களுள் சிலர், ஓட்டுவதில் யாதொரு பிழையும் செய்யாதிருந்தும், வண்டியின் சப்தம் மிகுந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்புக் கொடி காட்டப்பட்டு வெளியே அழைக்கப்படுகிறார்கள். பாதையின் ஓரத்திலிருந்து 50 அடி தூரத்தில் வைக்கப்பட்டுள்ள ஒலிமானி, அதாவது சப்தத்தின் அளவைக் காட்டும் கருவி, கடந்து செல்லும் ஒவ்வொரு காரையும் அளந்துகொண்டே இருக்கிறது. வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் அங்கே அனுமதிக்கப்படும் எல்லை 90 அல்லது 92 டெசிபெல்தான்.

ஒருவருடைய கார் 100 டெசிபெல் காட்டிற்று என்று வைத்துக்கொள்வோம். எல்லை 92, ஆகவே குறைக்க வேண்டியது எட்டு. நூற்றில் எட்டுக் குறைப்பது என்ன பெரிய காரியம் என்று அவர் எண்ணுவது இயல்பே. இருப்பதைவிடச் சற்றுப் பெரிய சைலன்ஸர் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு மறுபடி வருகிறார். ஒலிமானி 97 காட்டுகிறது. புகைக்குழாயின் வாயில் ஓர் அடைப்பைச் செருகிப் பார்க்கிறார். 96 ஆகிறது, ஆனால் எஞ்சின் மூச்சு முட்டி, மேட்டில் ஏறும்போது சோர்ந்து போகிறது. இதைவிட வியப்பான வேறொன்றும் உண்டு. பிரிட்டனில் பல பாதைகளில் செய்வதுபோல, காரை நிறுத்தி வைத்து, எஞ்சினை அதன் உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்கு முடுக்கி, குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் 45 டிகிரி கோணத்தில் ஒலிமானியைப் பிடித்து அளந்தால், இதே கார் அங்கே விதித்த எல்லைக்குள் அடங்கிச் சோதனையில் தேறிவிடவும் கூடும். நின்றபோது தேறிய கார் ஓடும்போது ஏன் தவறுகிறது? எட்டு என்ற இந்தச் சிறிய எண் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது?

இந்த எல்லைகளைப் பாதைக்காரர்கள் விரும்பி விதித்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அக்கம்பக்கத்தில் குடியிருப்போரின் முறையீடுகளும் நீதிமன்றங்களின் தீர்ப்புகளுமே இவற்றுக்கு மூலம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்திலுள்ள லைம் ராக் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடத்தக் கூடாதென்று 1959-லேயே நீதிமன்றம் தடை விதித்தது; வட இங்கிலாந்தின் கிராஃப்ட் பாதையைப் பற்றி 2009-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சப்தம் மிகுந்த நாட்களை வருஷத்துக்கு 40 என்று வரையறுத்தது. தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மற்றொருவருடன் சாதாரணக் குரலில் பேசுவதற்கு ஒரு மனிதனுக்கு உள்ள உரிமை, காரோட்டுகிறவனின் உற்சாகத்தைவிடச் சிறியதன்று என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் இரண்டுக்கும் இடமிருக்கும்படி செய்வது சாத்தியம். அதற்குச் சப்தத்தின் இயல்பைச் சற்றே பொறுமையாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் டெசிபெல் என்ற அளவையைப் பார்ப்போம். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரைத் தாங்கிய இந்த அளவை, 1920-களில் பெல் தொலைபேசி நிறுவனத்தின் பொறியியலாளர்கள் நீண்ட கம்பிகளில் குரல் எவ்வளவு தேய்ந்து போகிறது என்று கணக்கிடுவதற்காக வகுத்துக்கொண்டது. மீட்டரும் கிலோவும் போல ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டு போகும் அளவையன்று இது. ஒரு சப்தத்தின் சக்தி மற்றொன்றின் சக்தியைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் குறிப்பது. 3 டெசிபெல் ஏறினால் சக்தி இரட்டிக்கிறது. 10 ஏறினால் பத்து மடங்காகிறது. 20 ஏறினால் நூறு மடங்காகிறது. இம்முறையில் 8 டெசிபெல் இறக்கம் என்பது சப்தத்தின் சக்தியை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக்குவதாகும். அதாவது நம் நண்பர் தம் கார் எழுப்பும் சப்தத்தில் ஆறு பங்கில் ஐந்து பங்குக்கு மேலாகவே அழித்துவிட வேண்டியிருக்கிறது. அப்படி அழித்த பிறகும், அந்தச் சப்தம் பாதியாகக்கூடக் குறைந்ததாக அருகில் நிற்பவரின் காதுக்குத் தோன்றாது. ஏனெனில் சப்தத்தின் சக்தி பத்தில் ஒன்றானால்தான் மனிதச் செவி அதைப் பாதியளவாக உணர்கிறது.

இந்தச் சக்தியின் உண்மையான அளவைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது ஆச்சரியம் உண்டாகிறது. 50 அடி தூரத்தில் 100 டெசிபெல் என்று பதிவாகும் சப்தம், தரைக்கு மேலே எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரவுவதாகக் கொண்டால், அதன் மொத்தச் சக்தி சுமார் 15 வாட். அது 92-க்கு இறங்கும்போது இரண்டு வாட்டுக்குச் சற்று மேல். சக்கரங்களை உருட்ட இரண்டு லட்சம் வாட் சக்தியை வெளிப்படுத்தும் எஞ்சின் ஒன்றிலிருந்து, ஒரு சிறு மின்விளக்குக்குப் போதுமான அளவு சக்தியே சப்தமாகத் தப்பி ஓடுகிறது. அந்தச் சொற்பம் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிவிடுகிறது. மனிதச் செவியின் நுண்மையை எண்ணி நான் வியப்பது இவ்விடத்தில்தான். சப்தத்தை அடக்கினால் எஞ்சினின் பலம் போய்விடும் என்ற பரவலான நம்பிக்கைக்கும் இந்தக் கணக்கே பதில் சொல்கிறது: சப்தமாகச் செல்லும் சக்தி, எஞ்சினின் சக்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பலம் குறைவது சப்தத்தை அடக்குவதால் அன்று. அதை அடக்குவதாக எண்ணிக்கொண்டு வாயுவின் வழியை மறிப்பதால்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் தறுவாயில், வெளியேற்றும் வால்வு திறக்கிறது. அந்தக் கணத்தில் உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவின் அழுத்தம், எஞ்சின் முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் பல மடங்கு இருக்கும். திறந்த இடுக்கின் வழியே அது சீறிப் பாய்வதால், குழாயில் ஒரு திடீர் அழுத்த அலை கிளம்புகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 முறை சுழலும்போது இத்தகைய அலைகள் நொடிக்கு 200 கிளம்புகின்றன. 9000 சுற்று வரை ஏறும் போர்ஷே காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினிலோ நொடிக்கு 450. நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்ற இந்த எண்ணையே அதிர்வெண் என்கிறோம். ஆனால் எஞ்சினின் குரல் அந்த ஒரே ஸ்வரத்தில் அடங்குவதில்லை. மெல்ல எழுந்து மெல்ல விழும் அலையாக இல்லாமல் கூர்மையாக வெடிக்கும் அலையாக இருப்பதால், 200-உடன் அதன் இரு மடங்கான 400, மும்மடங்கான 600 என்று அடுக்கடுக்காகப் பல மேல் ஸ்வரங்களும் கூடவே பிறக்கின்றன. அவற்றோடு இடுக்குகளில் வாயு சீறும் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. அலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு மேல் ஸ்வரங்கள் பலம் பெறும். வால்வுக்குப் பதிலாக, சுழலும் முக்கோணத்தின் விளிம்பு ஒரு வாயிலைச் சட்டென்று திறந்துவிடும் மாஸ்டாவின் சுழல் எஞ்சின்கள் காதைப் பிளப்பதற்குக் காரணம் இதுவே. 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் குரலை ஒரு முறை கேட்டவர்கள் அதை மறப்பதில்லை.

நின்றபோது தேறிய கார் ஓடும்போது தவறுவதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. நிற்கும் காரில் எஞ்சின் தன் சொந்த உராய்வைத் தவிர வேறெதையும் வெல்ல வேண்டியதில்லை. ஆகவே காற்றுக் கதவு சிறிதளவே திறந்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றே புகுந்து, கொஞ்சமே எரிகிறது. சுற்றும் வேகம் மிகுந்திருந்தாலும் வால்வு திறக்கும்போது வெளிவரும் அலை மெலிந்ததாகவே இருக்கும். மேட்டில் முழுப் பாரத்தோடு ஏறும்போதோ ஒவ்வோர் அலையும் கொழுத்து வருகிறது. அரை மீட்டரில் 105 காட்டும் சப்தம், தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபெல் தேயும் என்ற விதிப்படி, 50 அடி தூரத்தில் 75 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே கார் பாரத்தோடு அங்கே கடந்து போகும்போது 90-க்கு அருகில் எழுவது சாதாரணமாக நடக்கக் கூடியது. நிறுத்திவைத்துச் செய்யும் சோதனை பல கார்களை ஒரே முறையில் விரைவாக ஒப்பிட உதவும் என்பது மெய். ஓட்டத்தின்போது என்ன நடக்கும் என்று அதைக் கொண்டு யூகிப்பவர் ஏமாந்து போவார்.

இனி, சப்தத்தை அடக்கும் கலையின் மூலதத்துவத்துக்கு வருவோம். குழாயினுள் இரண்டு பிரயாணிகள் ஒரே வழியில் செல்கிறார்கள்: ஒன்று எரிந்து தீர்ந்த வாயு, மற்றொன்று சப்த அலை. இவ்விரண்டும் ஒன்றல்ல. வைகுண்ட ஏகாதசியன்று கோவிலில் தரிசனத்துக்காக நெருக்கி நிற்கும் நீண்ட வரிசையில், பின்னாலிருந்து யாரோ ஒருவர் தள்ளிய தள்ளல், ஒருவர் முதுகிலிருந்து அடுத்தவர் முதுகுக்குத் தாவி, நொடியில் சந்நிதி வரை போய்விடுகிறது. ஆனால் தள்ளியவரோ இன்னும் கொடிமரத்தைக்கூடத் தாண்டவில்லை. அதுபோலவே வாயு நொடிக்குச் சில பத்து மீட்டர்களோ நூறு மீட்டரோ நகர்ந்துகொண்டிருக்க, அதன் வழியே அழுத்த அலையானது நொடிக்கு 500 மீட்டர் அளவில் விரைகிறது. சாதாரணக் காற்றில் சப்தத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான். 350 டிகிரி வரை காய்ந்த வாயுவில் அது 500 ஆகிறது. தனித்தனி வேகமும் தனித்தனி இயல்பும் கொண்ட இவ்விருவருள், முதலாமவரைத் தடையின்றிப் போக விட்டு இரண்டாமவரை மட்டும் மடக்கிப் பிடிப்பதுதான் ஒலியடக்கி என்று சொல்லத்தக்க நல்ல சைலன்ஸரின் வேலை. வாயில் அடைப்பைச் செருகிய நம் நண்பர் செய்தது, தள்ளலை நிறுத்துவதற்காக வரிசையையே நிறுத்தியதாகும்.

மடக்கிப் பிடிப்பதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று, அலையை உறிஞ்சிக்கொள்வது. பந்தயக் கார்களில் பெரும்பாலும் காணப்படும் நேர்க்குழாய் சைலன்ஸர் இவ்வகையைச் சேர்ந்தது. பட்டறை ஒன்றில் நீளவாக்கில் அறுத்துப் பிளந்து வைத்திருந்த, நெடுநாள் உழைத்த சைலன்ஸர் ஒன்றை நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். நடுவே, முன்னிருந்து பின்வரை நேராகப் பார்வை ஊடுருவும்படியான ஒரு குழாய். அதன் உடம்பு முழுதும் சல்லடையாகத் துளைகள். குழாய்க்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கண்ணாடி நார்ப் பஞ்சு. வாயுவுக்கு நேர்வழி திறந்தே இருக்கிறது. அலையோ துளைகளின் வழியே பஞ்சுக்குள் பரவி, அங்கே நார்களுக்கிடையில் காற்றணுக்கள் உராய்ந்து உராய்ந்து, தன் சக்தியை வெப்பமாக இழந்துவிடுகிறது. ஆனால் நான் பார்த்த அந்தச் சைலன்ஸரில், வாயு புகும் முனைப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சே இல்லை. சூடும் அதிர்வும் நார்களைப் பொடியாக்கி, துளைகளின் வழியே ஊதித் தள்ளிவிட்டிருந்தன. எஞ்சியிருந்ததும் கரி பூசிக் கட்டிதட்டிப் போயிருந்தது. பின்கோடியில் மட்டும் கொஞ்சம் பஞ்சு வெண்மை மாறாமல் பொதபொதவென்று கிடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. சென்ற வருஷம் தேறிய கார் இந்த வருஷம் தேறாமற் போவதற்கு இதுவே அடிக்கடி காரணமாக இருப்பதால், பழகிய பந்தயக்காரர்கள் குறித்த காலத்தில் சைலன்ஸரைப் பிரித்துப் புதுப் பஞ்சு அடைக்கிறார்கள்.

பஞ்சின் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு. அலை ஒன்றின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். சூடான வாயுவில் 2000 அதிர்வெண்ணுள்ள சப்தத்தின் அலைநீளம் 25 சென்டிமீட்டர். 200 அதிர்வெண்ணுக்கோ இரண்டரை மீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க கனமிருந்தால்தான் பஞ்சு அலையைப் பற்றிக்கொள்ளும். ஆதலால் ஐந்து சென்டிமீட்டர்ப் பஞ்சு கீச்சென்ற கூர்மையான ஒலிகளை நன்றாக விழுங்கும், உறுமலை மட்டும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும்.

உறுமலுக்கு உரியது இரண்டாவது மார்க்கம்: அலையை அலையைக் கொண்டே திருப்பியடிப்பது. குறுகிய குழாயில் வரும் அலை திடீரென்று அகன்ற அறை ஒன்றுக்குள் நுழையும்போது, அங்கே சுவர் எதுவும் குறுக்கே இல்லாதபோதும், அதில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. அறை முடிந்து மறுபடி குறுகும் இடத்தில் மற்றொரு பகுதி திரும்புகிறது. இவ்விரண்டு திருப்பங்களும் ஒத்து உழைக்கும்படி அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக அமைந்துவிட்டால், வெளியே செல்லும் சப்தம் வெகுவாகக் குறையும். குழாயைப்போல் மூன்று மடங்கு விட்டமுள்ள, அதாவது ஒன்பது மடங்கு பரப்புள்ள அறை, அந்த அதிர்வெண்ணில் 13 டெசிபெல் வரை மடக்குகிறது. ஆனால் அறையின் நீளம் அலைநீளத்தில் சரிபாதியாக அமையும் வேறோர் அதிர்வெண்ணில், அங்கே அறை என்று ஒன்று இல்லவே இல்லாததுபோல் சப்தம் முழுதும் கடந்து போய்விடும். இந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான் நீளம் வேறுபட்ட இரண்டு மூன்று அறைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார்கள்.

குறிப்பிட்ட ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் குறிவைத்து அழிப்பதற்கும் உபாயம் உண்டு. கோடி அடைக்கப்பட்ட ஒரு கிளைக்குழாயைப் பிரதானக் குழாயின் பக்கவாட்டில் பற்றவைக்க வேண்டும். அதன் நீளம் கால் அலை அளவு இருந்தால், அதனுள் போய்த் திரும்பும் அலை மொத்தம் அரை அலைதூரம் தாமதித்து வந்து சேரும். அதாவது பிரதானக் குழாயில் முகடு எழும் நேரத்தில் கிளையிலிருந்து பள்ளம் வந்து, இரண்டும் ஒன்றையொன்று நிரவிவிடும். 100 அதிர்வெண்ணுக்கு இந்தக் கிளை 1.25 மீட்டர் நீளம் வேண்டும். கிளைக்குள் தேங்கி நிற்கும் வாயு சற்றே ஆறியிருக்குமாதலால் நடைமுறையில் அதைவிடக் குட்டையாக வெட்டி, ஓட்டிப் பார்த்து நீளத்தைத் திருத்துவார்கள். இடமில்லாதபோது, குறுகிய கழுத்தும் பருத்த வயிறுமுள்ள ஒரு குடுவை போன்ற அறையும் இதே வேலையைச் செய்யும். ஜெர்மானிய மேதை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்தகைய குடுவைகளை வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றாகக் காதில் பொருத்தி, ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே ஸ்வரத்துக்கு மட்டும் முழங்குவதைக் கொண்டு, மனிதக் குரலிலும் வாத்திய ஓசையிலும் அடங்கியுள்ள மேல் ஸ்வரங்களைப் பிரித்தறிந்து, 1863-ல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். தன் ஸ்வரம் வந்தால் தானும் அதிரும் இந்தக் குணத்துக்கு ஒத்ததிர்வு என்று பெயர். சங்கீதத்தை ஆராய்வதற்குப் பயன்பட்ட அதே குடுவை இன்று காரின் வயிற்றடியில் தொங்குகிறது.

குழாய்க்குள் நடக்கும் இதையெல்லாம் யார் கண்டார்கள் என்று வாசகர் கேட்கலாம். குழாயின் ஒரு கோடியில் ஒலிபெருக்கியை வைத்து, தெரிந்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஊதி, குழாயின் சுவரில் சிறிது இடைவெளி விட்டு இரண்டு ஒலிவாங்கிகளைப் பதித்தால், ஓர் அலை முதலில் எந்த ஒலிவாங்கியைத் தொட்டது, எவ்வளவு தாமதித்து மற்றதைத் தொட்டது என்பதிலிருந்து முன்னோக்கிச் செல்லும் அலையையும் திரும்பி வரும் அலையையும் தனித்தனியே பிரித்துவிடலாம். அறைக்கு முன்னும் பின்னும் இவ்வாறு அளந்தபோது, மேலே சொன்ன 13 டெசிபெல்லும், அரை அலையில் அறை மறைந்துவிடும் விந்தையும், கணக்கில் வந்தபடியே கருவியிலும் வந்தன.

சப்தத்தை அடக்கும் இக்கலை தொழிலாகவும் வளர்ந்தது. துப்பாக்கியின் வெடியோசையை அடக்கும் குழலுக்கு 1909-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்ஸி மாக்ஸிம், அதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைக்குழாய்களுக்கும் கொண்டுவந்து தொழிலாக நடத்தினார்.

இரண்டு மார்க்கங்களில் எதைத் தேர்வது? இதற்கு விடை காரில் இல்லை, ஒலிமானியில் இருக்கிறது. 1933-ல் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெச்சரும் வில்டன் மன்ஸனும், பலருடைய காதுகளில் கேட்கும் கருவிகளைப் பொருத்தி, 1000 அதிர்வெண்ணுள்ள ஒரு ஸ்வரத்தையும் வேறு ஒரு ஸ்வரத்தையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, இரண்டும் சம உரப்பாகத் தோன்றுவது எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மெல்லிய சப்தங்களில் மனிதச் செவி தாழ்ந்த ஸ்வரங்களுக்குப் பெரிதும் மந்தம் என்பது அதனால் புலப்பட்டது. அந்த மந்தத்தை ஒலிமானிக்கும் கற்பிக்க ஏற்பட்டதே ‘ஏ’ எடையிடல் என்ற முறை: 1000 அதிர்வெண்ணுள்ள ஒலியை உள்ளபடி எண்ணும் ஒலிமானி, 200-ல் வரும் ஒலியிலிருந்து 11 டெசிபெல்லையும் 100-ல் வரும் ஒலியிலிருந்து 19 டெசிபெல்லையும் கழித்துவிட்டே எண்ணுகிறது. பந்தயப் பாதைகளின் எல்லைகள் இந்த எடையிடலின்படி விதிக்கப்பட்டவை.

ஆகவே, காருக்குள் அமர்ந்திருப்பவரின் தலையைக் குடையும் அந்த 100 அதிர்வெண் உறுமலை ஒழிக்க அரும்பாடுபட்டுக் கிளைக்குழாய் பொருத்தியவர், ஒலிமானியில் ஒரு டெசிபெல்கூட இறங்கவில்லையே என்று திகைப்பார். அது ஏற்கெனவே கழிக்கப்பட்ட கணக்கு. எண்ணை ஏற்றிக் காட்டுவது 500-க்கு மேலே கரகரக்கும் மேல் ஸ்வரங்களும் சீறலுமே. அவற்றை விழுங்குவது பஞ்சு. இருக்கும் சைலன்ஸருக்குப் புதுப் பஞ்சு அடைப்பதும், நடுவழியில் சிறியதாக இரண்டாவது நேர்க்குழாய் சைலன்ஸர் ஒன்றைச் சேர்ப்பதும், கழற்றி எறிந்த, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைத் திரும்பப் பொருத்துவதும் (அதன் தேன்கூடு போன்ற நுண்வழிகள் அலையையும் தேய்த்துவிடுகின்றன) நல்ல பலன் தருவதன் காரணம் இதுவே. குழாய்கள் இணையும் இடத்தில் மயிரிழை இடுக்கு ஒன்று இருந்தாலும் அதன் சீறல் முழுதும் ஒலிமானி கூர்ந்து எண்ணும் ஸ்வரங்களில் விழுவதால், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இணைப்புகளைச் சோதிக்க வேண்டும்.

லகூனா சேக்காவுக்கு வருவோர் பலர் குழாயின் கோடியில் ஒரு வளைவைப் பொருத்தி, அதன் வாயை ஒலிமானி இல்லாத பக்கமாகத் திருப்பிவிடுகிறார்கள். அந்தப் பாதையின் பெயராலேயே அவ்வளைவு வழங்குகிறது. ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயிலிருந்து புறப்படும் சப்தத்தில் தாழ்ந்த ஸ்வரங்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 1500 அதிர்வெண்ணுக்கு மேற்பட்டவை மட்டுமே வாய் நோக்கிய திசையில் கூடுதலாகச் செல்லும். ஒலிமானி மதிக்கும் ஸ்வரங்களுள் அவையும் அடங்குமாதலால் இந்த உபாயம் பலிக்கிறது. விதிக்கு இது விரோதமன்று. ஆனால் சப்தம் இதனால் குறையவில்லை, வேறு பக்கம் போயிற்று என்பதை மறக்கலாகாது.

இந்த அளவுமுறையைப் பற்றியே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மெல்லிய சப்தங்களைக் கொண்டு கண்ட செவியின் மந்தத்தை, 90 டெசிபெல்லுக்கு முழங்கும் சப்தங்களுக்கும் பிரயோகிக்கிறார்கள். அவ்வளவு உரத்த சப்தத்தில் செவி தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அத்தனை மந்தமாக இருப்பதில்லை. மேலும் காற்று உயர்ந்த ஸ்வரங்களையே வழியில் அதிகமாக உறிஞ்சுவதால், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வீட்டை எட்டுவது பெரும்பாலும் உறுமல்தான். 50 அடியில் நிற்கும் கருவி குறைத்து மதிக்கும் ஒலியே தொலைவில் குடியிருப்பவரின் ஜன்னலை அதிரச் செய்கிறது. எல்லைக்குள் ஓடும் கார்களைப் பற்றியும் முறையீடுகள் எழுந்தால், முறையிடுபவர் மிகைப்படுத்துகிறார் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

நம் நண்பரிடம் திரும்புவோம். அவருக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கார் எழுப்பும் சப்தம் புகைக்குழாயிலிருந்து மட்டும் வருவதன்று. காற்றை உள்ளிழுக்கும் வாயிலும், தரையை உரசும் டயர்களும், கிழிபடும் காற்றும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து 90 டெசிபெல் என்று கொள்வோம். மொத்தம் 100 காட்டியபோது, 90 என்பது அதில் பத்தில் ஒரு பங்கே ஆனதால், அது இருப்பதே தெரியவில்லை. குழாயின் பங்கு 99.5. இப்போது மொத்தத்தை 92-க்கு இறக்க வேண்டுமானால், மற்றவை 90-லேயே நிற்க, குழாய்க்கு எஞ்சும் இடம் 87.7 தான். ஆக, குழாயில் குறைக்க வேண்டியது எட்டு அன்று, ஏறக்குறைய பன்னிரண்டு. அதாவது அதன் சக்தியைப் பதினைந்தில் ஒரு பங்காக்க வேண்டும். மூன்றாவது சைலன்ஸரைப் பொருத்தியும் எண் அசையவில்லை என்று அவர் சலித்துக்கொள்ளும் கட்டம் இதுதான்.

எந்தப் பங்கு எவ்வளவு என்று அறிவதற்கு வழி எளிது. ஒலிமானியை அதே தூரத்தில், சுவரோ வேறு வண்டியோ அருகில் இல்லாத வெளியில் வைத்து, அதே வேகத்தில் வந்து, ஒரு முறை எஞ்சினை ஓய்த்துவிட்டு உருண்டு கடந்தால் டயரும் காற்றும் மட்டும் பதிவாகும். மறுமுறை, பாதைக்கு ஆகாத அளவு பெரிய சைலன்ஸர் ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு முழு முடுக்கத்தில் கடந்தால், குழாய் ஏறக்குறைய ஊமையாகி, இழுக்கும் வாயிலின் குரல் வெளிப்படும். அந்தக் குரல் பெரிதென்று தெரிந்தால், திறந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கார் பிறந்தபோது அதனுடன் வந்த மூடிய காற்றுப் பெட்டியை எடுத்துப் பொருத்தலாம். மற்றவற்றின் பங்கு அதனால் 90-லிருந்து 87-க்கு இறங்கினாலும் போதும்; குழாய்க்கு 90-க்கு மேல் இடம் கிடைத்துவிடும். பன்னிரண்டாக நின்ற சுமை ஒன்பதுக்குச் சற்று மேலாகக் குறையும். அந்த ஒன்பதை, புதுப் பஞ்சடைத்த சைலன்ஸரும் நடுவழியில் சேர்த்த இன்னொன்றும் வாயுவை மறிக்காமலே பகிர்ந்துகொள்ளலாம்.